புளியங்கொட்டைப் பித்தான்

"எம்புட்டுப் படிச்சாலும் மூட்டையத் தூக்கிக்கிட்டு இந்தக் கொல்லை வாசல் வழியாத்தானடி வரப் போற?" என்று வக்கீலம்மா ஒருநாள் என்னைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கையிலிருந்த முறுக்கை ஒடித்துப் பாதியை என்னிடம் நீட்டிக்கொண்டே, விடை தெரியாத ஒருவர் தெரிந்துகொள்ளக் கேட்பதைப்போலத்தான் கேட்டார். அப்போது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். வெளுத்த துணிகளைக் கொடுக்க அய்யாவோடு போயிருந்தேன். எங்கள் வீட்டில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவர் மூட்டையை அவிழ்த்துத் துணிகளை வகை பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். கேள்வி அவர் காதிலும் விழுந்தது. ஆனால் தலை நிமிரவில்லை. நான் முறுக்கை வாங்கித் தின்றேன். அது ருசியாக இருந்தது என்பதுதான் பின்னாளில் எனக்கு அதிக வெட்கத்தைத் தந்தது. அந்த வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த இன்னொரு பொருளும் உண்டு. ஒரு ஜோடி வெள்ளிக் கைப்பித்தான். எங்கள் மாடக்குழியில், ஒரு மூக்குப்பொடி டப்பாவுக்குள், அது பல வருஷம் கிடந்தது. டப்பாவை எடுத்து ஆட்டினால் உள்ளே கிணுகிணுவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தோடு வக்கீலம்மாவின் கேள்வியும் சேர்ந்து கேட்கும்.

கைப்பித்தானை எல்லோரும் கண்டிருக்க மாட்டார்கள். சாதாரணச் சட்டையின் கையில் ஒரு பித்தானைத் தைத்திருப்பார்கள். அதை மாட்டினால் ஒரு ஓரம் மற்ற ஓரத்தின்மேல் ஏறிக்கொள்ளும். கோட்டுக்குள் போடுகிற உயர்ந்த சட்டைக்கு அப்படியில்லை. அதன் கைப்பட்டை இரண்டு மடங்கு நீளம் இருக்கும். அதைத் திருப்பி மடித்து, கஞ்சி போட்டு, பலகைபோல் விறைப்பாகத் தேய்க்க வேண்டும். அதில் பித்தான் கிடையாது, ஓட்டைகள் மட்டும்தான். வெள்ளியிலோ தங்கத்திலோ செய்து சின்னச் சங்கிலியால் இணைத்த இரண்டு வில்லைகளை அந்த ஓட்டைகளில் நுழைத்து மாட்டுவார்கள். மாட்டியபின் பட்டையின் இரண்டு ஓரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், கைகூப்பியதுபோல் நேருக்கு நேர் ஒட்டி நிற்க வேண்டும். கோட்டின் கைக்கு வெளியே அந்த வெள்ளைப் பட்டை அரை விரற்கடை தெரிய வேண்டும். கையை நீட்டி ஒரு காகிதத்தை வாங்கும்போது வில்லை மின்ன வேண்டும். கோர்ட்டுக்குப் போகிறவர்களும், பெரிய உத்தியோகஸ்தர்களும், மாப்பிள்ளை அழைப்பன்று மோட்டாரில் உட்கார்ந்து ஊர்வலம் வருகிற பி.ஏ. மாப்பிள்ளைகளும் அப்படிப் போட்டுக்கொள்வார்கள். வெளுக்கப் போடும்போது வில்லைகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். அதனால் என் அய்யா காலமெல்லாம் கைப்பட்டைகளைத் தேய்த்திருந்தும், அவர் கைக்கு வந்தவை ஓட்டைகள் மட்டும்தான்.

ஒரே ஒரு தடவை வக்கீல் ஒரு பித்தானைக் கழற்ற மறந்து சட்டையை வெளுக்கப் போட்டுவிட்டார். வைகைத் துறையில் அழுக்குத் துணிகளை உதறியபோது அது கல்லில் விழுந்து தெறித்தது. அய்யா அதை எடுத்து வேட்டி முந்தியில் முடிந்துகொண்டு வந்தார். வெள்ளாவி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. "இம்புட்டுத்தானா" என்று அம்மாவிடம் சொன்னார். இத்தனை வருஷம் அந்த ஓட்டைகளுக்குள் என்னவோ பெரிய சமாச்சாரம் போகிறது என்று நினைத்திருந்தாராம். மறுநாளே அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ஆனால் அதன் அமைப்பு அவர் கண்ணில் நின்றுவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல நாள், விசேஷம் என்று வந்தால் வெளுக்க வந்த துணியில் ஒன்றை உடுத்திக்கொண்டு போய்வந்து, மறுபடி வெளுத்துத் தேய்த்து உரியவரிடம் சேர்த்துவிடுவோம். எங்கள் தெருவில் எந்தக் கல்யாணத்திலும் ஊர்ப் பெரிய மனிதர்களின் வேட்டியும் சேலையும்தான் நடமாடும். அதை யாரும் திருட்டு என்று நினைத்ததில்லை. துணி கொடுத்தவர்களுக்கும் தெரியும், தெரியாததுபோல் இருந்துவிடுவார்கள். அய்யா மட்டும் அதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். யாருடைய துணியோ அவர் வரக்கூடிய இடத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. அவர் கண்ணில் பட்டால் அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம் என்பார். அந்தக் கட்டுப்பாட்டை அவர் ஒருநாளும் மீறியதில்லை. நான் சொல்ல வரும் அந்த நாளிலும் அவராக மீறவில்லை.

நான் பசுமலைக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியில், விடுதியில் தங்கிப் படித்தேன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அந்த வருஷம் எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்கிலும் தமிழிலும் முதல் பரிசு கிடைத்தது. முதல் பரிசு வாங்குகிற பெண்ணோடு அவள் தகப்பனாரும் மேடைக்கு வர வேண்டும் என்று தலைமையாசிரியை அம்மாள் சொல்லியிருந்தார். பரிசு கொடுக்க வருவது ஒரு வெள்ளைக்கார அம்மா என்றும் சொல்லியிருந்தார்கள். அய்யாவிடம் அதைச் சொன்னேன். அவர் தேய்த்து வைத்திருந்த அடுக்கிலிருந்து வக்கீலின் சட்டையை எடுத்தார். அவர் கையால் தேய்த்தவற்றில் அவருக்கு அதிகப் பெருமை அந்தச் சட்டையில்தான். இடது கைப்பட்டையின் உள்மடிப்பில் ஒரு சின்ன மைக்கறை இருந்தது. எந்த உவர்மண்ணுக்கும் போகாத கறை. மடிப்பை மாற்றி மடித்து அதை மறைத்துவிடுவார்.

சட்டை கிடைத்துவிட்டது, பித்தானுக்கு என்ன செய்வது? அதை அவர் செய்த விதத்தை விடுமுறைக்கு வந்திருந்த நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பருமன் ஒத்த புளியங்கொட்டைகளாக ஒரு படி கொட்டைக்குள் தேடிப் பொறுக்கினார். வறுத்து மேல்தோல் லேசாகக் கருஞ்சிவப்பு ஆனதும் இறக்கினார். துவைகல்லில் தண்ணீர் விட்டு, வில்லைபோல் தட்டையாகும் வரை தேய்த்தார். கோணி ஊசியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சித் துளை போட்டார். நூலை நாலாக முறுக்கி, கைக்கு இரண்டு கொட்டைகளாக நடுவில் இடைவெளி விட்டுக் கோத்தார். கடைசியில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவித் துணியால் துடைத்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். "பிள்ளைக பல்லாங்குழி ஆடறத எல்லாம் கையில மாட்டிக்கிட்டுத் திரியப் போறீகளா?" என்றார். மாட்டிப் பார்த்தபோது அம்மாவே சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். கைப்பட்டையின் இரண்டு ஓரமும் கைகூப்பியதுபோல் நேராக நின்றன. அரக்குப்போல் மின்னிய கொட்டை வெள்ளைத் துணியில் எடுப்பாக இருந்தது. அய்யா கையை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

விழாவன்று வெள்ளைக்கார அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை. அவருக்குப் பதிலாக யார் வந்திருக்கிறார் என்பது நான் பரிசுக்கு மேடை ஏறும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வக்கீல் கறுப்புக் கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாக நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அய்யாவின் கால் படியிலேயே நின்றுவிட்டது. பின்னால் இருந்த ஆசிரியை மெதுவாகத் தள்ளினார். வேறு வழியில்லாமல் ஏறி வந்தார். கோட்டு இல்லாமல் அந்தச் சட்டையை வேட்டியின்மேல் போட்டிருந்தார். அதனால் கைப்பட்டை முழுவதும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பரிசுப் புத்தகத்தை வாங்க நான் ஒரு பக்கமும் அய்யா ஒரு பக்கமுமாகக் கையை நீட்டினோம். வக்கீல் புத்தகத்தைப் பாதியில் நிறுத்தினார். அய்யாவின் இடது கையைப் பிடித்து மடிப்பைப் புரட்டினார். மைக்கறையைப் பார்த்தார்.

"அட, நம்ம சட்டை மேடைக்கு வந்திருக்கே" என்றார் சத்தமாக. முதல் வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவருடைய முகத்தில் கோபமே இல்லை. நல்ல குஷியில் இருந்தார். புளியங்கொட்டையை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார். நூல் அறுந்தது. கொட்டைகள் மேடைப் பலகையில் விழுந்து உருண்டன. ஒன்று பலகைச் சந்துக்குள் போயிற்று. மற்றொரு கையிலிருந்ததையும் அப்படியே எடுத்துப் போட்டார். பிறகு தன் கோட்டுக்குள் விரலை விட்டு, தன் வெள்ளிப் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அய்யாவின் கைகளில் மாட்டத் தொடங்கினார். "சட்டைதான் நம்மளுது. பித்தானும் நம்மளுதாவே இருந்துட்டுப் போகட்டும்டா" என்றார். பந்தல் முழுவதும் கைதட்டியது. அந்தத் தட்டல் நிற்க வெகுநேரமாயிற்று. அத்தனை நேரமும் என் அய்யா, விலங்கு மாட்டக் காட்டுகிறவர்போல, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். என் பரிசுப் புத்தகம் மேசைமேலேயே இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. கடைசியில் நானே எடுத்துக்கொண்டேன்.

பித்தானைக் கழற்றிக் கொடுத்த வக்கீல், விழா முடியும்வரை தன் சட்டைக் கை இரண்டும் திறந்து தொங்கத்தான் உட்கார்ந்திருந்தார். கோட்டுக் கைக்கு வெளியே அது வாழைமட்டைபோல் துருத்திக்கொண்டு நின்றது. அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எல்லோருக்கும் அவர்மேல் மரியாதை கூடியது. அந்த வயதில் எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் புரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அய்யா பித்தான் மாட்டிய கைகளை வீசி நடக்காமல் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு நடந்தார். வீட்டில் விளக்கடியில் கழற்றிப் பார்த்தார். வில்லையின் நடுவில் ஒரு சுழி வெட்டியிருந்தது. வக்கீலின் பெயருடைய முதல் இங்கிலீஷ் எழுத்து அது. அய்யா என்னிடம் அதைக் காட்டி, "இது என்ன தாயி, கொடியா பூவா?" என்று கேட்டார். எது யாருடையது என்று தெரியச் சேங்கொட்டை மசியால் ஊரார் துணிக்கெல்லாம் குறி போட்ட மனிதரின் மணிக்கட்டில் இன்னொருவர் தன் குறியைப் போட்டுவிட்டார் என்று எப்படிச் சொல்வேன்? "கொடிதான்யா" என்றேன். அம்மா டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டே, "சட்டையத் திருப்பிக் குடுத்துட்டா இத எதுல மாட்டுவீக? காதுலயா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் சட்டையோடு பித்தானையும் அய்யா எடுத்துக்கொண்டு போனார். கொடுத்ததைத் திருப்பி வாங்குகிற வழக்கம் இல்லை என்று வக்கீல் அனுப்பிவிட்டார்.

அய்யா அதன்பிறகு நடந்துகொண்டது எனக்கு விளங்கவில்லை. துறையில் கேட்டவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னார். வக்கீலய்யாவுக்குத் தங்கமான மனசு என்றார். மாதம் ஒருமுறை டப்பாவைத் திறந்து பித்தான்களைத் திருநீறு போட்டுத் துலக்கி வைத்தார். துறையில் கேலிக்குக் குறைவில்லை. "அண்ணே, எனக்கு ஒரு ஜட்ஜு கோட்டு வந்திருக்கு. போட்டுக்கிட்டு அவுக வாசல்ல போய் நின்னா ஒரு கடிகாரமாச்சும் தேறுமா?" என்று ஒருவர் கேட்டார். அய்யாவும் சேர்ந்து சிரித்தார். அவர் அதைப் பெருமையாக நினைக்கிறார் என்றே நான் எண்ணினேன். அந்தப் பெருமையை நினைத்து எனக்குக் கூசியது. ஆனால் அன்றிலிருந்து அவர் ஊரார் துணி எதையும் உடுத்தவில்லை. எந்த விசேஷத்துக்கும் தன் சொந்தத் துண்டோடும் வேட்டியோடும்தான் போனார். அந்த இரண்டையும் நான் அப்போது சேர்த்து யோசிக்கவில்லை. விழாவை ஒட்டி விட்ட விடுமுறை முடிந்ததும், பள்ளிக்குப் போக மாட்டேன் என்று கொஞ்சம் அடம் பிடித்தேன். அந்த மேடையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அய்யா காரணம் கேட்கவில்லை. என் துணிப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன்.

எட்டாவது முடித்தேன், ஆசிரியப் பயிற்சியும் முடித்தேன். இடையிடையே வக்கீலைப் பார்க்க நேர்ந்தது. நன்னடத்தைச் சான்றுக்குப் பெரிய மனிதர் ஒருவர் கையெழுத்து வேண்டியிருந்தது. அவர் தயங்காமல் போட்டார். போடும்போது பக்கத்தில் இருந்த குமாஸ்தாவிடம், "இவ அப்பன் இருக்கானே, பித்தான் இல்லாம சட்டைக் கை ரெண்டும் தொங்க விட்டுக்கிட்டு மேடைக்கு வந்துட்டான்யா" என்று கதையைத் தொடங்கினார். பயிற்சிப் பள்ளி விழாவிலும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் வளர்ந்தது. புளியங்கொட்டை முதலிலேயே காணாமல் போய்விட்டது. அய்யா அழுததாக ஒருமுறை வந்தது. காலில் விழுந்ததாக இன்னொருமுறை வந்தது. கடைசியில், "அன்னைக்கு நான் கொடுத்த பித்தான்தான் இந்தப் பொண்ணைப் படிக்க வச்சுது" என்பதில் வந்து முடிந்தது. கேட்டவர்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். நானும் தலையைக் குனிந்து நின்றேன். என் படிப்பு என்னுடையது என்று எனக்குள் ஒரு கர்வம் உண்டு. விடுதியின் அரிக்கேன் விளக்கில் கண் எரியப் படித்தது நான். கஞ்சியும் கரியுமாக நின்று என்னைப் படிக்க அனுப்பியவர் என் அய்யா. இரண்டையும் ஒரு ஜோடி வெள்ளி வில்லை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

இப்போது நான் ஆனையூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளிக்கு ஆண்டு விழா வருகிறது. தலைமையாசிரியர் ஒரு மாதம் முன்பே என்னைக் கூப்பிட்டு மகிழ்ச்சியோடு சொன்னார். தலைமை தாங்க வக்கீலய்யா ஒப்புக்கொண்டாராம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பினையாக இருக்கும், அந்தப் பித்தான் கதையைச் சொல்லப் போகிறேன் என்றாராம். "உங்க அப்பாவையும் கண்டிப்பா கூட்டிட்டு வந்துருங்க டீச்சர். அந்தப் பித்தானை மாட்டிக்கிட்டு மேடையில நிக்கணுமாம். வக்கீலய்யா ஆசைப்படுறாங்க" என்றார். அவர் நல்ல மனிதர். நான் பெருமைப்படுவேன் என்று நினைத்துத்தான் சொன்னார். சரி என்றும் இல்லை என்றும் சொல்லாமல் வகுப்புக்கு வந்துவிட்டேன். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் ஒரு மேடையில், வயதான என் அய்யா, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்கிற காட்சிதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டில் அதைச் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். சொன்னேன். அய்யா இஸ்திரிப் பெட்டியில் சிரட்டைக் கரியை ஊதிக்கொண்டிருந்தார். ஊதுவதை நிறுத்தவில்லை. "வரச் சொன்னா வாரேன் தாயி. உன் வேலைக்கு எதும் வந்துரக் கூடாதுல்ல" என்றார். உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் வந்தால் போதும் என்றேன். அவர் பெட்டியைக் கீழே வைத்தார். அடுத்து அவர் சொன்னதை அவர் வாயிலிருந்து நான் எதிர்பார்த்ததே இல்லை.

"அன்னைக்கு நீட்டின கை, தாயி. இன்னும் மடக்கல."

 அவரே தொடர்ந்தார். "நான் வெறுங்கையோட வரல. பித்தான் போட்டுத்தான் வந்தேன். அத மட்டும் அவுககிட்ட யாராச்சும் சொல்லணும். எனக்கு வாய் வரல." எங்கள் பிழைப்பில் பாதி அந்த வீட்டுத் துணிதான் என்பது எனக்கும் தெரியும். சற்றுக் கழித்து, எங்கோ பார்த்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "அது கொடியும் இல்ல, பூவும் இல்ல. அந்த எழுத்துத்தான அவுக கைக்குட்டையில எல்லாம் தச்சிருக்கும். எத்தன வெளுத்திருக்கேன். நீ மனசு சங்கடப்படுவேன்னு தெரியாத மாதிரி கேட்டேன்."

அத்தனை வருஷமும் நான் அவரிடமிருந்து மறைத்ததை அவர் என்னிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார். திருநீறு போட்டுத் துலக்கியதும், துறையில் சிரித்ததும் அதற்குத்தான். ஒரே வீட்டில் ஒரே வெட்கத்தை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போனேன். வாசலில் கோலம் கலையாமல் இருந்தது. பக்கத்துச் சந்து வழியாகத்தான் கொல்லை வாசலுக்குப் போக வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கால் தானாகவே அந்தச் சந்துக்குள் திரும்பியது. இரண்டு வீட்டுச் சுவருக்கும் நடுவில் கொஞ்ச தூரம் போனபிறகுதான் சுதாரித்துத் திரும்பி வந்தேன். கோலத்தை மிதிக்காமல் முன்வாசல் படி ஏறினேன். கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த வக்கீலம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, என் குடையையும் கைப்பையையும் பார்த்து, "யாரும்மா, உள்ள வாங்க, உக்காருங்க" என்றார். யார் என்று சொன்னேன். "அட, நீயாடி" என்றார். உட்காரச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியாமல், மறுபடி சொல்லவும் முடியாமல் கீரைக்குத் திரும்பிக்கொண்டார். நான் நின்றுகொண்டேன்.

வக்கீல் கதர் ஜிப்பாவில் இருந்தார். ஊரே மாறிவிட்ட காலம். கோட்டும் தலைப்பாகையும் பெட்டிக்குள் போய்விட்டன. டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். வெள்ளி புதிதுபோல் பளபளத்தது. என்ன இது என்று அவர் கேட்கவில்லை, உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். "இதை ஏன்மா கொண்டு வந்த? விழாவுக்கு உங்கப்பன் போட்டுக்கிட்டு வர வேணாமா?" என்றார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதை அப்படியே சொன்னேன்.

"எங்க அய்யா அன்னைக்கு வெறுங்கையோட வரலைங்க. பித்தான் போட்டுத்தான் வந்திருந்தாரு. புளியங்கொட்டையில அவரே செஞ்சது. நீங்கதான் நூலை அத்துக் கழட்டிப் போட்டீங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகவே இருந்தேன். அவர் நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார். "புளியங்கொட்டையா? அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லையேம்மா" என்றார். பொய் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேர் இத்தனை வருஷம் ஒருவருக்கொருவர் தெரியாமல் சுமந்ததை, அவர் அந்தப் பந்தலிலேயே, நூலோடு சேர்த்து உதிர்த்துவிட்டு வந்துவிட்டார். என் வாழ்க்கையில் அதைவிட வெட்கமான நேரம் ஒன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. நியாயம் கேட்கப் போனவளால் ஞாபகப்படுத்தத்தான் முடிந்தது.

"அப்ப விழாவுல அதைப் பேச வேணாங்கிறியா?" என்று கேட்டார். "பேசுங்க. பித்தான் போட்டு வந்தாருன்னு சேத்துப் பேசுங்க" என்றேன். அவர் ஒரு வில்லையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். தன் ஜிப்பாக் கையையும் பார்த்தார். "இப்ப யாரு இதையெல்லாம் போடுறா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். வக்கீலம்மா கீரையிலிருந்து தலை நிமிரவில்லை. மற்றதையும் அதன் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டு, காலி டப்பாவோடு முன்வாசல் வழியாகவே இறங்கி வந்தேன். இறங்கும்போது நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் அது பொய். யாராவது பார்க்கிறார்களா என்று தெருவை இருபக்கமும் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன்.

விழாவில் அவர் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டுத் துணி இந்த வாரம் வந்தது, அடுத்த வாரம் வருமா என்பதும் தெரியாது. அய்யா மேடைக்கு வரமாட்டார், முதல் வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன். விட்டுப்போனதை யாராவது சொல்ல வேண்டியிருந்தால், நானே எழுந்து சொல்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். அவர் முகம் வாடியது, ஆனாலும் சரி என்றார்.

மாடக்குழியில் டப்பா காலியாக இருக்கிறது. ஆட்டினால் சத்தம் இல்லை. முற்றத்தில் துவைகல்லின் பக்கம்தான் சத்தம் கேட்கிறது. அய்யா உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை கொட்டைகளை நான் பொறுக்கிக் கொடுத்தேன். ஒத்த பருமனாக இல்லை என்று அவற்றை ஒதுக்கிவிட்டு அவரே பொறுக்கிக்கொண்டார். சட்டை அவருடையது. மல்துணி எடுத்து, பள்ளியில் கற்ற தையலைக்கொண்டு நான் கையாலேயே தைத்தது. இரண்டு மடங்கு நீளத்துக்குக் கைப்பட்டை வைத்திருக்கிறேன். "கோட்டு இல்லாம இதெல்லாம் எதுக்கு தாயி?" என்று அவர் காலையில் கேட்டார். "கோட்டு இருந்தா மறைஞ்சு போயிரும்யா" என்றேன். துணியைக் கையில் வாங்கி, மடிப்பைத் திருப்பி, எங்காவது கறை இருக்கிறதா என்று பழக்கத்தில் தேடினார். இல்லை. கைக்கு நாலாக எட்டு ஓட்டைக்கும் காஜா எடுத்து முடித்துவிட்டேன்.